செம்பு பாய்லரைச் சுத்தம் செய்வதும் பத்திரமாக எரிப்பதும்: ஏற்காட்டு வீட்டிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும், வெந்நீர் இல்லாமல் ஒரு காலையும் நகராது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். விடிகாலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். மழையும் காற்றும் சேர்ந்தால் மின்சாரம் போய்விடும் என்பதால் கீசரை மட்டும் நம்ப முடிவதில்லை. எங்கள் வீட்டில் இருப்பது 40 லிட்டர் செம்பு பாய்லர். என் மாமியாருக்குத் திருமணச் சீராக வந்தது. இன்றும் ஐந்து பேர் குளிப்பதற்கு அதுதான் தண்ணீர் காய்ச்சுகிறது.

இப்படிப்பட்ட பாய்லர்களைப் பலர் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். புகைகிறது, ஒழுகுகிறது, பயமாக இருக்கிறது என்கிறார்கள். கரி அடைத்துக்கொண்டால் புகையத்தான் செய்யும். தண்ணீர் இல்லாமல் எரித்தால் ஒழுகத்தான் செய்யும். பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில்லாமல் எரிவது, புகை வீட்டுக்குள் தங்குவது, நீராவி போகும் வழி அடைபடுவது, இந்த மூன்றுக்கும்தான். சுத்தம் செய்வதும் இவற்றைத் தடுக்கத்தான். செம்பு பளபளப்பது அதற்கெல்லாம் பிறகு.

முதலில் உங்கள் பாய்லரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிமிர்ந்த உருளை. அதன் நடுவில் கீழிருந்து மேல்வரை ஒரு குழாய் போகும். அடிவாயில் விறகு எரிய, தீயும் புகையும் இந்த நடுக்குழாய் வழியே ஏறும். சுற்றிலும் இருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அடியில் இரும்புச் சல்லடை, அதன் கீழே சாம்பல் தட்டு. மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றப் புனல், பக்கத்தில் பித்தளைக் குழாய்.

அந்தப் பித்தளைக் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்பகுதியில் இருந்தால், புனலில் ஊற்றும் பச்சைத் தண்ணீர் அடிக்குப் போய், மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட பாய்லரைத் தெரியாமல் காலிசெய்துவிட முடியாது. குழாய் அடியில் இருந்தால் கடைசிச் சொட்டுவரை பிடித்துவிடலாம். அதில்தான் கவனம் இரட்டிப்பாக வேண்டும். எங்களுடையது இந்த இரண்டாவது வகை.

செம்பு 1,085 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் உள்ளே பூசிய வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். மூட்டுகளை ஒட்ட வைத்த பற்றாசு அதற்கும் முன்பே இளகலாம். தண்ணீர் இருக்கும்வரை பாய்லரின் சுவர் கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாகச் சூடேறாது. தண்ணீர் வற்றினால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். நான் திருமணமாகி வந்த இரண்டாம் வருடம், சாம்பல் தட்டைக் கொட்டும்போது மிளகளவில் வெள்ளி போல ஒரு உருண்டை கிடந்தது. கொலுசு முத்து என்று நினைத்து எடுத்து வைத்தேன். மாமியார் அதை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழுந்தது. "யாரோ தண்ணீர் பார்க்காமல் பற்றவைத்திருக்கிறீர்கள். இது பற்றாசு. மூட்டு விட்டிருக்கும், பாரம்மா" என்றார். பார்த்தேன், அடிமூட்டில் ஈரம் கசிந்திருந்தது. அன்றிலிருந்து சாம்பலைக் கொட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கிளறிப் பார்க்காமல் கொட்டுவதில்லை.

முந்தின நாளே தொடங்குங்கள்

சூடான பாய்லரைத் தொடவே கூடாது. முந்தின நாள் காலையில் எரித்ததோடு நிறுத்திவிட்டு, மறுநாள் சுத்தம் செய்யுங்கள். சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாள் முழுக்கவும் உயிரோடு இருக்கும். மேலே கை வைத்தால் குளிர்ந்தது போலவே தெரியும்.

தேவையானவை அதிகமில்லை. பழைய சட்டை, தலைக்குத் துண்டு, தூசி புகாத நல்ல முகக்கவசம், கையுறை, ஒரு டார்ச், கைக்கண்ணாடி, மூடியுள்ள இரும்பு வாளி, நீளமான மூங்கில் குச்சி, கொஞ்சம் தேங்காய் நார், பித்தளைக் கம்பித் தூரிகை, பழைய சாக்கு. புகைக்கரி நுரையீரலுக்குக் கெடுதல், கண்ணையும் எரிக்கும். முகத்தைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

சாம்பல்

தட்டை மெதுவாக இழுத்து, இரும்பு வாளியில் கொட்டி, மூடி, மரமும் துணியும் இல்லாத சிமெண்ட் தரையில் வெளியே வையுங்கள். பிளாஸ்டிக் வாளியோ அட்டைப்பெட்டியோ வேண்டாம். இரண்டு நாள் கழித்துத்தான் தோட்டத்துக்குப் போக வேண்டும். சாம்பலில் பொட்டாசியம் உண்டு. வாழைக்கும் காய்கறிப் பாத்திக்கும் கொஞ்சமாகத் தூவலாம். காப்பிச் செடிக்குக் கூடை கூடையாகக் கொட்டாதீர்கள். காப்பி இலேசான புளிப்பு மண்ணை விரும்பும், சாம்பலோ காரம். ஈரச் சாம்பல் கையில் பட்டால் தோல் அரிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சல்லடையைக் கழற்றித் தட்டுங்கள். கம்பிகளுக்கு நடுவே ஆணியும் உருகிய கண்ணாடித் துண்டும் மாட்டியிருக்கும். காற்று கீழிருந்து வரும் வழி அதுதான். பாதி அடைபட்டாலும் தீ மந்தமாகி, புகை கூடிவிடும். கம்பி இளைத்து வளைந்திருந்தால் பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுக்குழாய்: அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம்

மேலே இருக்கும் தகரப் புகைக்குழாயைக் கழற்றுங்கள். அடிவாயில் சாக்கை விரித்து, கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மேலிருந்து டார்ச் அடியுங்கள். குழாயின் உட்புறம் முழுவதும் கண்ணாடியில் தெரியும். நீங்கள் பார்க்கப் போவது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மெத்தென்று, தொட்டால் உதிரும் கறுப்புத் தூள் என்றால் சாதாரணப் புகைக்கரி. உலர்ந்த விறகு எரிகிறது, வேலை சுலபம். தோல் போல உரிந்து சுருண்டு நிற்கும் தகடுகள் என்றால், நீங்கள் சுத்தம் செய்யாமல் விட்ட மாதங்கள் கூடிவிட்டன. வார்னிஷ் பூசினாற்போல மின்னும் கறுப்புப் பிசுக்கு என்றால் நின்று யோசியுங்கள். ஈர விறகின் புகையில் இருக்கும் தார் குளிர்ந்த சுவரில் படிந்து இறுகியது அது. அது தீப்பற்றும், பற்றினால் குழாய்க்குள்ளேயே சூளை போல எரியும்.

சுத்தம் செய்யும் முறை இது. மூங்கில் குச்சியின் நுனியில் தேங்காய் நாரைக் குழாயின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான பந்தாகக் கட்டி, செம்புக் கம்பியால் இறுக்குங்கள். மேலிருந்து கீழாக, திருகித் திருகி இறக்குங்கள். கீழிருந்து மேலே குத்தினால் கரி முழுவதும் உங்கள் முகத்தில்தான் கொட்டும். நாலைந்து முறை இறக்கி ஏற்றிய பிறகு நார் வழுக்கிக்கொண்டு போனால் போதும். தகடாகப் படிந்ததற்கு பித்தளைக் கம்பித் தூரிகை தேவைப்படும். இரும்புத் தூரிகையால் செம்பை அழுத்தித் தேய்க்க வேண்டாம். வருடத்துக்குக் கொஞ்சம் என்று தேய்ந்து குழாய் மெலிந்துவிடும். உளியும் அரிவாள் நுனியும் கூடவே கூடாது.

மின்னும் பிசுக்கு நாருக்கும் தூரிகைக்கும் அசையாது. பாய்லரில் தண்ணீர் நிரப்பி, முழுக்க உலர்ந்த விறகை மட்டும் போட்டு, ஒரு வாரம் அளவாக எரித்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து தூளாகும். பிறகு தேயுங்கள். சீக்கிரம் போகட்டும் என்று பெருந்தீ மூட்டுவதுதான் ஆபத்து. அரை அங்குலம் படிந்திருந்தால் வீட்டில் முயற்சி செய்யாமல், பாத்திரப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

வேலை முடிந்ததும் மறுபடி கண்ணாடியும் டார்ச்சும். இம்முறை பார்ப்பது செம்பை. பச்சைக் கோடு தெரிகிறதா? அந்த இடத்தில் தண்ணீர் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பென்சிலால் வெளிப்புறத்தில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் எரிக்கும் காலத்தில் நாங்கள் இந்தக் குழாயை மாதம் ஒருமுறை தேய்க்கிறோம். ஒரு மணி நேர வேலை. தேய்த்த மறுநாள் விறகு குறைவாகச் செலவாவதைக் கண்ணாலேயே காணலாம். புகைக்கரி சூட்டைத் தண்ணீருக்கு விடாத போர்வை.

புகைக்குழாய்

தகரக் குழாயை வெளியே கொண்டுபோய்த் துண்டு துண்டாகக் கழற்றித் தட்டுங்கள். வளைவுகளில்தான் கரி தங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் அந்தத் துண்டை மாற்றுங்கள். ஓட்டையில் டேப் ஒட்டுவதும், துணி சுற்றுவதும் தீர்வாகாது. கோடைக்குப் பிறகு முதல்முறை எரிக்கும்போது குழாய்க்குள் குளவிக்கூடோ குருவிக்கூடோ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேலே மழைத் தொப்பியும் அதற்குள் பெரிய கண்ணுள்ள கம்பி வலையும் இருந்தால் நல்லது. கண் சிறிதானால் வலையே கரியால் அடைபட்டுவிடும்.

ஏற்காட்டின் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரைக்குக் கீழே மரச் சட்டங்கள் இருக்கும். தகரக் குழாய் அவற்றை உரசிக்கொண்டு போனால், வருடக்கணக்கில் காய்ந்த அந்த மரம் ஒருநாள் பற்றும். கூரை வழியே விடாமல் சுவர் வழியே வெளியே எடுத்து, அங்கிருந்து கூரைக்கு மேலே உயர்த்துவது நல்லது. குழாய்க்கும் மரத்துக்கும் இடையே குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் இருக்கும் பக்கம்

இங்கே மலைக்கும் சமவெளிக்கும் பெரிய வித்தியாசம். எங்கள் ஊற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் படிவதில்லை. வருடம் ஒருமுறை அலசினால் போதும். கீழே சேலம் அம்மாப்பேட்டையில் என் அம்மா வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இரண்டு மாதத்தில் உள்சுவர் முழுவதும் வெள்ளை ஓடு கட்டிவிடும். சூடாக்கும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து பிரிந்து ஒட்டிக்கொள்வதுதான் காரணம். மேட்டூர்க் குடிநீர் வரும் நாளில் அதைப் பாய்லருக்கு ஒதுக்கினால் இந்தத் தொல்லை குறையும்.

தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, இரண்டு குடம் புதுத் தண்ணீர் ஊற்றி, பாய்லரைப் பிடித்துக் குலுக்கி, கலங்கலை வெளியேற்றுங்கள். ஓடு கட்டியிருந்தால், எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) லிட்டருக்கு 20 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். நுரைக்கும், அது கரியமில வாயு, காற்றோட்டமான இடத்தில் பயமில்லை. புனல் வாய் திறந்தே இருக்கட்டும். பிறகு மூன்று முறை அலசுங்கள். உள்ளே ஈயம் பூசிய பாய்லர் என்றால் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். துத்தநாகம் பூசிய இரும்பு பாய்லருக்கு இந்த முறையே கூடாது, புளிப்பு அந்தப் பூச்சைத் தின்றுவிடும்.

கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டை ஊற்றி வேலையைச் சீக்கிரம் முடிக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மூட்டும் ஈயமும் போய்விடும். அதோடு பிளீச்சிங் பவுடர் பட்டுவிட்டால் கிளம்பும் குளோரின் வாயு ஆளையே சாய்க்கும்.

ஈயம் பூசுவதைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். நாம் ஈயம் என்று சொன்னாலும் பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு. பூசுபவரிடம் நான் நேராகவே கேட்பேன்: "அண்ணா, வெள்ளீயம்தானே? கட்டியைக் காட்டுங்கள்." நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களுக்குப் பூசியவர் கட்டியை என் காதருகே வைத்து வளைத்துக் காட்டினார். மெல்ல நறநறவென்று சத்தம் வந்தது. வெள்ளீயத்துக்கு அந்தச் சத்தம் உண்டு, காரீயம் சத்தமின்றி வளையும் என்றார். பிறகு செம்பைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரே இழுப்பில் தேய்த்தபோது கறுத்துக் கிடந்த உட்புறம் கண்ணாடியாக மாறியது. அப்படிப் பூசியிருந்தாலும் பாய்லர்த் தண்ணீர் குளிக்கத்தான். சமைக்கவும் குடிக்கவும் எடுக்காதீர்கள்.

பித்தளைக் குழாயைத் திருகிக் கழற்றி, வாஷரைப் பாருங்கள். சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய் ஓர் இரவில் பாய்லரைக் காலிசெய்யும். காலையில் அரைத் தூக்கத்தில் யாராவது பற்றவைப்பார்கள். சில ரூபாய் வாஷர் ஒரு செம்பு பாய்லரைக் காப்பாற்றும். புனலும் நீராவித் துளையும் தடையின்றி இருக்கின்றனவா என்று குச்சி விட்டுப் பாருங்கள். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். பல்லி விழுகிறது என்று புனல் வாயில் கட்டை அடித்து வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். பல்லிக்கு வேண்டுமானால் மேலே இலேசான தகர மூடியை வையுங்கள், ஆவி தூக்கிவிடும்படி.

வெளிப்புறம்

புளியும் கல்லுப்பும். ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். புளி தங்கினால் அந்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும்.

மறுபடி பற்றவைக்கும் நாள்

முதலில் தண்ணீரை நிரப்பி, தீ இல்லாமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்தால் எங்கே சொட்டு விழுகிறது என்று தெரிந்துவிடும். கசிவு இருந்தால் எம்-சீல் அப்பி ஒப்பேற்றாமல் பட்டறைக்கு அனுப்புங்கள்.

பிறகு ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தி அடிவாயில் காட்டுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட்டால் குழாய் மூச்சு விடுகிறது. முகத்தை நோக்கித் திரும்பி வந்தால் எங்கோ அடைப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் பற்றவைக்காதீர்கள். பனிமூட்டமான காலையில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று கனத்து நிற்கும். அப்போது ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி அடிவாயில் பிடித்தால் இழுப்பு தொடங்கிவிடும்.

விறகு, கூரைக்குக் கீழே குறைந்தது ஆறு மாதம் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் ஈரம். அறுவடை முடிந்து கவாத்து செய்யும் காப்பிக் கிளைகள் அருமையான விறகு, கனமாக நின்று எரியும். சில்வர் ஓக் சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீர்ந்துவிடும். கொட்டாங்குச்சி கடுஞ்சூடு, ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். அரளிக் குச்சியை எரிக்கவே கூடாது, அதன் புகையும் நஞ்சு. பால் கவர், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிவிசி குழாய்த் துண்டு எதுவும் பாய்லருக்குள் போகக் கூடாது. தீ அணைகிறது என்று கங்கின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதை எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள். ஆவியாகி ஒரே நொடியில் வெளியே பாயும்.

பாய்லர் குளியலறைக்குள் இருக்கக் கூடாது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். குளிருக்குச் சன்னலைச் சாத்திவிட்டு, உள்ளே கங்கு கனன்றுகொண்டிருக்கக் குளிப்பது உயிருக்கு ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகை நின்று வெறும் கங்கு மட்டும் இருக்கும்போதும் அது வந்துகொண்டே இருக்கும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். எழுந்து போக வேண்டும் என்று தோன்றுவதற்குள் கால் தளர்ந்துவிடும். பாய்லர் வெளித் தாழ்வாரத்தில் இருக்கட்டும், வெந்நீர் வாளியில் வரட்டும். குழந்தைகளுக்குத் தண்ணீர் கலக்கும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் 60 டிகிரி வெந்நீரே ஐந்து நொடிகளில் தோலை வெந்துபோகச் செய்யும்.

ஏதாவது நடந்துவிட்டால்

எரியும் பாய்லரில் தண்ணீர் இல்லை என்று தெரிந்தால், பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் செம்பில் அது ஒரே வீச்சில் ஆவியாகிப் புனல் வழியே முகத்தில் அடிக்கும். விறகை இடுக்கியால் வெளியே இழுத்து மணலில் போட்டு, அடிவாயை மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். முழுக்க ஆறிய பிறகு தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள்.

புகைக்குழாயில் தீப்பிடித்தால் 'கும்' என்று இரைச்சல் கேட்கும், தகரம் சிவக்கும். அடிவாயையும் சாம்பல் வாயையும் மூடிக் காற்றை நிறுத்துங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றி, 101-க்கு அழையுங்கள். யாருக்காவது தலை சுற்றினால், கதவு சன்னல்களைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

மாசி முடிந்ததும்

குளிர் விட்டுப்போனால் பாய்லரை அப்படியே நிறுத்திவிடாதீர்கள். கரியும் ஈரமும் சேர்ந்தால் மழைக்காலத்தில் செம்பை அரிக்கும். ஒருமுறை முழுச் சுத்தம் செய்து, தண்ணீரை வடித்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, பித்தளைக் குழாயைத் திறந்தபடியே பருத்தித் துணியால் போர்த்திவிடுங்கள். தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்க்கும். புகைக்குழாயின் மேல்வாயில் சாக்கைக் கட்டினால், கார்த்திகையில் அவிழ்க்க மறக்காமல் இருக்க ஒரு வழி செய்யுங்கள். நாங்கள் அந்தச் சாக்குக் கயிற்றின் மறுமுனையைப் பாய்லரின் அடிவாய்க் கதவில் கட்டிவைக்கிறோம். கயிற்றை அவிழ்க்காமல் கதவைத் திறக்க முடியாது.